லெவல் நானா பறித்துப்போன இரண்டு பட்டைகள்

மாத்தளை மாவட்டத்திலேயே, விற்ற சாமானைத் திரும்பப் பறித்துக்கொண்டு போகிற ஒரே வியாபாரி லெவல் நானாதான். ஜன்னல்களுக்கு வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ், அதாவது நெடுக்காகத் தொங்கும் பட்டைத் திரைகள், பூட்டுவது அவர் தொழில். மட்டம் பார்க்கிற லெவல் எப்போதும் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர்; நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

பூட்டினோம், போனோம் என்று இருக்கமாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவார். தொங்கும் பட்டைகளை யாராவது கையால் இழுத்திருந்தாலோ, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாலோ, தண்டனையாக ஒரு பட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அது ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வரும். எங்கள் தெருவில் ஜன்னலில் ஓட்டை தெரிந்தால், அந்த வீட்டின் குற்றம் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

சீகிரியாவில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வெள்ளைக்காரர் ஒருவர் பட்டைகளின் மேல் ஈரத் துவாயைக் காயப்போட்டாராம். நானா போய், அவர் கண்ணெதிரே மூன்று பட்டைகளைக் கழற்றினார். வெள்ளைக்காரர் இது ஏதோ நம் நாட்டுச் சடங்கு என்று நினைத்து வீடியோ எடுத்தாராம்.

போன வருஷம் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். எங்கள் அறையில் நாலு மணி வெயில் கட்டிலில்தான் விழும். வெளிச்சம் நேரே படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் நானாவைப் பிடித்தேன். மனிதர் அழகாகப் பூட்டினார். நான்தான் அவசரப்பட்டுக் கையால் இழுத்து, இரண்டு பட்டைகளைக் கொக்கியோடு பிய்த்தேன்.

மறுநாளே சோதனை.

"சங்கிலி எதுக்கு ஈக்குது? மொதல்ல பட்டையத் திருப்பித் தொறக்கணும், பொறகுதான் கயித்த இழுக்கணும். சென்னேனா இல்லையா?"

"சொன்னீங்க நானா. அவ வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாறா, பாத்துச் செய்யுங்க."

"ஜும்மா முடிஞ்ச கையோட கொண்டாறேன்."

கட்டிலுக்கு நேரான இரண்டு பட்டைகளும் போயின. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியிலோ அவளை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். போன் போட்டால், நானா தூரத்து வில்கமுவயில் வேலையாக நிற்கிறாராம். விஷயத்தைச் சொல்லிக் கத்திவிட்டு வைத்தேன். பட்டைகள் தொங்கும் ரெயில் கம்பியில், ஓட்டைக்கு நேராக ஒரு பெட்ஷீட்டைக் கிளிப் குத்தித் தொங்கவிட்டேன்.

நாலு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தலையெல்லாம் புழுதியோடு நானா உள்ளே வந்தார்.

"என் ரெயில்ல பெட்ஷீட்டா! யா அல்லாஹ்!"

ஒரே இழுவையில் அதை உருவினார். வெயில் நேரே அவள் முகத்தில் அடித்தது. "ஐயோ!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். நானா பதறிப்போய் ஓட்டையை மறைத்து, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார்.

"பட்டை எங்க நானா?"

"ஊட்டுல ஈக்குது. எடுக்கப் போனா வெயில் வந்துருமேன்னு நேரா வந்துட்டேன்."

பெட்ஷீட்டைத் திரும்ப மாட்டப் போனேன். நானா முறைத்த முறைப்பில் கீழே வைத்துவிட்டேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை அசைவதில்லை என்று நின்றார் மனிதர்.

"உக்காருங்க நானா" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே.

"உக்காந்தா ஒங்களுக்கு வெயில் படும் தங்கச்சி. நீங்க தூங்குங்க."

நான் தேத்தண்ணி ஊற்றி, அவர் நின்ற இடத்துக்கே கொண்டுபோய், இரண்டு கையாலும் கொடுத்தேன்.