மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களோடு ஒரு சுற்று

கார்ப் பந்தயப் பைத்தியத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்கள், தப்பித் தவறியும் அவன் காரில் ஏறக் கூடாது. எழுபதுகளில் சிட்னியில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

அப்போது என்னால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. சனிக்கிழமையானால் கால் துடிக்கும். நகரத்துக்கு வெளியே ஒரு மண் மைதானத்தில் பழைய கார்கள் இடித்துக்கொண்டு வட்டமடிப்பதைப் பார்க்க ஓடிவிடுவேன். அந்த விளையாட்டில் இன்றுவரை எனக்கு விளங்காத சங்கதிகள் பல. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எதற்கு இத்தனை அவசரம்? எல்லாருக்கும் முன்னால் பறக்கிறவன் சில நேரம் ஏன் கடைசி ஆளாக இருக்கிறான்? (ஒரு சுற்றுப் பின்தங்கியவனாம்.) வென்றவனைவிட நொறுங்கியவனுக்கு ஏன் பெரிய கைதட்டல்? இதையெல்லாம் யோசித்தே என் நித்திரை கெட்டது.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வசந்தி, மெரிலேண்ட்ஸில் தமையன் சிவநேசனோடு இருந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இது தவறினால் பிரமச்சாரியாகவே செத்துப்போவேன் என்று பயந்தேன். தமையனுக்குத்தான் சந்தேகம்.

"தம்பி, நீர் நிதானமான ஆளோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும். எங்கயாவது கூட்டிக்கொண்டு போம்" என்றார்.

எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். (மூளை இருந்திருந்தால் கடற்கரைக்குப் போயிருப்பேன்.)

இதற்கென்றே ஒரு பழைய கார் வாங்கினேன். கதவு நசுங்கியிருந்தது. வாங்கிய காரைப் பூசை செய்யாமல் ஓட்டலாமா? கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை, நானே செய்தேன். திருநீற்றைக் குழைத்து முன்பக்கப் பொனற் மூடியின் அகலத்துக்கு மூன்று குறி, நடுவில் சாப்பாட்டுக் கோப்பையளவு குங்குமப் பொட்டு, முன்னால் மாலை. ஐயரென்றால் சின்னதாக முடித்திருப்பார்.

சனிக்கிழமை வசந்தியையும் தமையனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மைதான வாசலில் நின்ற வெள்ளைக்காரர் நசுங்கிய கதவைப் பார்த்தார். குறியையும் பொட்டையும் பார்த்து மனம் மகிழ்ந்து, பார்வையாளர் பக்கம் விடாமல் வேறு வாசலைக் காட்டினார். போனேன். முன்னும் பின்னும் வர்ணம் பூசிய நொறுங்கல் கார்கள். பந்தயத்துக்கு முன் சனத்துக்குக் காட்டும் ஊர்வலத்தில் நாங்களும் ஒரு பந்தயக் காராகச் சேர்ந்திருந்தோம்.

"தம்பி, இது கார் நிப்பாட்டுற இடமோ?" என்றார் தமையன்.

"ஓம் அண்ணை, கொஞ்சம் முன்னுக்கு" என்றேன்.

சனம் எழும்பிக் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஓரங்கட்டி வெளியேறாமல் முன்னால் போனவனை முந்தினேன். அடுத்த வளைவில் கார் ஈரமண்ணில் வழுக்கி, ஒரு சுழற்சி சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. மாலை முன்கண்ணாடியில் கிடந்தது.

தமையன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"வசந்தி, இறங்கு. இந்தச் சம்பந்தம் சரிவராது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வசந்தி இறங்கினாள். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி இரும்."

தள்ளி இருந்தேன். காரைத் திருப்பி, மற்றவர்களுக்கு வழிவிட்டு, வாசல்வரை நிதானமாக ஓட்டிவந்தாள். (ஊரில் தகப்பனின் வயலில் டிராக்டர் ஓட்டியவள் என்பது பிறகுதான் தெரிந்தது.) தமையன் பக்கத்தில் நடந்தே வந்தார்.

"அண்ணை, ஆள் நல்லவர்தான். ஸ்டியரிங்கைக் குடுக்காட்டிச் சரி" என்றாள்.

எங்கள் கல்யாணப் படத்தில் கூறைச் சேலையோடு வசந்தி கார் ஓட்டுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள்.

"பக்கத்துச் சீற்றில பாருங்கோ, தலைப்பாவோட" என்பார்கள் எங்கள் பிள்ளைகள். "கதவை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்."