புறங்காட்டா வீரர் மப்ளர் பின்னிய படலம்

வாழ்க சகாதேவன்! அனல்மலை அடிவாரத்தே, செங்கம் சாலைச் சந்தொன்றின் ஓட்டுவீட்டில் கொலுவீற்றிருக்கும் எழுத்தர்குல திலகம், குளிக்கும் வெந்நீரைக்கூடத் தம் கையால் விளாவி அறியாத செங்கை வேந்தர், வாழ்க! கலைமகளே, இவர் புகழ்பாட எனக்குச் சொல் கொடு. சிரிப்பை மட்டும் சற்றே அடக்கிக் கொடு.

எண்பத்தொன்றாம் ஆண்டு மார்கழிக் குளிரில், இவருடைய தரும பத்தினி வேதா, அடுத்த வீட்டுக் குர்ஷித் பேகத்திடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். பழைய சைக்கிளின் போக்ஸ் கம்பிகளே அவர்களுக்கு ஊசி. அக்காட்சி கண்டு மீசை துடித்த ஆண்சிங்கம், முற்றமதிர முழங்கிற்று:

"இதெல்லாம் ஒரு வித்தையா? பொங்கலுக்குள்ள நானே ஒரு மப்ளர் பின்னிக் காட்டறேன். முடியலன்னா, இனிமே தெருக்குழாய்ல தண்ணி புடிக்கிறது என் வேலை!"

குடம் சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போயிருந்த வேதா, "சரிங்க" என்று உடனே ஒப்புக்கொண்டாள்.

அக்கணமே வீரர், தம்மை அலுவலகத்துக்குச் சுமக்கும் வாகனத்தின் பின்சக்கரத்திலிருந்து இரு கம்பிகளைப் பிடுங்கி, அம்மிக்கல்லில் தீட்டி, நாவற்பழ நிறக் கம்பளி உருண்டையை மடியிலே சிறைவைத்து, பாயாகிய போர்க்களத்தில் சம்மணமிட்டார். குர்ஷித் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றித் தந்தாள். வியர்வை ஆறாய்ப் பெருக, நாக்கு வெளித்தள்ள, அடுத்த வரிசையை வென்று முடித்தார் வீரர்.

"இப்ப கம்பிய திருப்பிக்கிட்டு, வந்த பக்கமே பின்னிக்கிட்டு வாங்கண்ணா" என்றாள் குர்ஷித்.

கொதித்தெழுந்தார் பௌர்ணமிதோறும் மலைசுற்றும் பெருந்தகை. "கிரிவலம் போறவன் பாதியில திரும்புவானா? நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே கெடையாது!"

"இது கம்பளிங்கண்ணா. மலை இல்ல."

மாவீரர் செவிக்கு நல்ல சொல் என்றைக்கு ஏறியது? வரிசை முடியுந்தோறும் நூலை வெட்டினார். கண்ணிகளை ஒவ்வொன்றாய்ப் பழைய கம்பிக்கே குடியேற்றினார். புதுநூல் பூட்டித் தொடங்கிய முனையிலிருந்தே மீண்டும் படையெடுத்தார். முடிச்சுப் போடுவதைக் கோழைகளின் வேலை என்று ஒதுக்கினார். மப்ளர் வளர்ந்தது; அதன் இருபுறமும் நூல்முனைகள் ஆட்டுத்தாடியாய்த் தொங்கின. "நூலு ஜாஸ்தி வீணாகுது" என்று முனகிய வேதாவை ஒரு பார்வையால் சுட்டார்.

பொங்கலன்று, சந்துக்காரர் அனைவரும் குழுமி நிற்க, வெற்றி மப்ளரைக் கழுத்திலணிந்து வாசலில் தோன்றினார் சகாதேவன். திசைகள் அதிர்ந்தனவோ இல்லையோ, ஒரு நூல்முனை அவர் தாடையைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. பகைவனைப் பிடிப்பதுபோல் பிடித்து வெடுக்கென இழுத்தார். ஒரு வரிசை முழுதும் உருவிக்கொண்டு கையோடு வந்தது. மப்ளர் இரண்டாய்ப் பிளந்து, பாதி கோலத்தின்மேல் விழுந்தது. பதறி இன்னொரு முனையை இழுத்தார், மிச்சமும் துண்டானது.

"இன்னும் ஒண்ணு இருக்குது, அதையும் இழுத்துடுங்க" என்றாள் வேதா, ஆசையோடு.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும், சகாதேவன் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.