பதினொரு நொடி பற்றிய விண்ணப்பம்

மாரத்தான் குழுச் செயலாளர் அவர்களின் சமூகத்துக்கு, தாங்கள் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற டைம் கீப்பர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் இடது முழங்காலும் நலம். வலது முழங்கால் சுமார். தாங்களும் குழுவினரும் மூச்சிரைக்காமல் நீடு வாழ்க.

நிற்க. இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது. நின்றதால் வந்த வினைதான் எல்லாம்.

அறுபதைத் தாண்டியவர்கள் மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்குள் ஒரு மாரத்தான் ஓடிக் காட்டினால் தங்கள் பந்தயத்தில் சேரத் தகுதி உண்டு என்று அறிவித்திருந்தீர்கள். அதை நம்பி வெளியூரில் போய் மூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம் இருபது நொடியில் ஓடி முடித்து, மெடலும் கழுத்துமாக ஓர் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தேன். இப்போது தகுதி பெற்றவர்கள் கூட்டமாகிவிட்டார்கள், அந்தக் கெடுவுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தொரு நொடியாவது முந்தியவர்களுக்கு மட்டுமே இடம் என்கிறீர்கள். நான் முந்தியது ஒரு நிமிடம் நாற்பது நொடி. முப்பத்தாறு வருஷம் கேட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, எல்லோரும் எட்டுக்குள் வந்துவிட்டதால் ஏழு ஐம்பத்தெட்டுக்கு முன் வந்தவர்களுக்குத்தான் வேலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சம்பந்தி போன் பண்ணி, "பாஸா பெயிலா?" என்று கேட்டார். "பாஸ்தான், ஆனா சேத்துக்க மாட்டாங்களாம்" என்றேன். "அதுக்குப் பெயிலே ஆகியிருக்கலாமே" என்கிறார். மனுஷன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது?

அந்தப் பதினொரு நொடி எங்கே போனது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. முப்பத்தோராவது கிலோமீட்டரில் வீட்டுக்காரியிடமிருந்து போன். எடுக்காமல் இருந்துவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமா?

"பீரோ சாவி எங்க வெச்சீங்க?"

"ஃபிரிட்ஜ் மேல."

"இல்லையே."

"பின்னால விழுந்திருக்கும், பாரு."

அவ்வளவுதான். மூச்சு வாங்க நின்றுதான் பேசினேன். அழைப்பு நேரம் சரியாகப் பதினொரு நொடி. போன் திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். சாவி பின்னால்தான் கிடந்தது, அதற்கும் சாட்சி இருக்கிறது.

தம்பி, இனிமே மனசு விட்டே எழுதறேன். ஒருநாள் நீங்க நாப்பது நொடி லேட்டா ஓடி வந்தீங்க. குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. நான் கடிகாரத்தைக் காட்டிட்டுக் கேட்டைச் சாத்திட்டேன். அது தப்புதான், இன்னிக்கும் உறுத்துது. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம்தானே நீங்க தினமும் ஓடி வர ஆரம்பிச்சீங்க? அன்னிக்கு நான் இரக்கப்பட்டிருந்தா இன்னிக்கு நீங்க செயலாளரா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிடாதீங்க. இந்த முட்டிக்கு இன்னும் ஒரே ஒரு மாரத்தான்தான்னு எலும்பு டாக்டர் கறாரா சொல்லிட்டார். அத்தனை வருஷம் மத்தவங்க ஓடி வர்றதை உக்காந்து பாத்தவன் நான். ஒரு தடவை பெரிய பந்தயத்துல ஓடிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. வெக்கத்தை விட்டுக் கேக்கறேன், சட்டம் மனுஷனுக்காகத்தானே?

தங்கள் வீட்டில் அனைவரும் காலாகாலத்தில் எல்லாம் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
முன்னாள் டைம் கீப்பர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குழுவின் மின்னஞ்சல் வந்தது. யாரோ ஒருவர் கால் பிசகி விலகிவிட்டாராம், அந்த இடம் எனக்காம். அவர் கால் குணமாகட்டும், அவசரமில்லை. மேலே எழுதியதை அடியோடு மறந்துவிடவும். இருந்தும் இதை அனுப்பக் காரணம், என் சகலையும் நூலிழையில் தவறவிட்டிருக்கிறார். நாளைக்கு அவரும் தங்களுக்கு எழுதுவார். உருக்கமாக எழுதுவார், ஏமாந்துவிட வேண்டாம். சட்டம் என்றால் சட்டம்தான். அவருக்குக் குறைவது பதினான்கு நொடி. அது என்ன லேசுப்பட்ட நேரமா, தம்பி?