அடியில் பெயரில்லாத மஞ்சள் பாத்திரம்

அன்பிற்குரிய தங்கை ஆர்லீனுக்கு,

ஃபோர்ட் வேய்னிலிருந்து உன் அண்ணன் லோவெல் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தை விசாரித்திருந்தாய். முழங்கால் வலி இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, நவம்பரில் போன சூரியன் மட்டும் இன்னும் ஊர் திரும்பவில்லை. மற்றபடி குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தால் ஒரு தாள் போதாது என்று நாலைந்து தாளாகவே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணி நேடீன் கண்ணை மூடியதிலிருந்து நீ ஞாயிறு தவறாமல் போன் செய்து, அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்கிறாய், இங்கே வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? வருகிறேன். முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் உடனே பனி எத்தனை அடி என்று பேச்சை மாற்றுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். வீட்டு முன்னால் விற்பனை போர்டும் வைத்தாயிற்று. தரை உறைந்து பாறையாகக் கிடப்பதால் போர்டின் கால் மண்ணில் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. ஏஜென்ட் பெண் சுத்தியலால் நாலு போடு போட்டுப் பார்த்துவிட்டு, என்னிடமே ஒரு பக்கெட்டும் மணலும் வாங்கி அதில் நட்டுவிட்டுப் போனாள். காற்றடித்தால் போர்டு பக்கத்து வீட்டு வெண்டெல் வாசல் பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய் நிமிர்த்திவிட்டு வருகிறேன். இப்போதைக்கு என் பொழுதுபோக்கு அதுதான்.

உண்மையில் கிறிஸ்துமஸுக்கே உன்னிடம் வந்திருப்பேன். என்னை இங்கே கட்டிப்போட்டது வீடு இல்லை, பாத்திரங்கள். நீ கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், கேள்.

அன்றைக்குச் சவ வண்டி சர்ச்சிலிருந்து கிளம்பி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து நாலுமுனையில் போய் நின்றது. நம்ம ஊர் நாலுமுனை உனக்குத் தெரியாததா? நாலு பக்கமும் கார் நிற்கும், நாலு பேரும் "நீங்க போங்க"ன்னு கை காட்டிக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தரும் நகர மாட்டாங்க. சவ வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமே அப்படி. ஆனா ஓட்டினவனும் நம்ம ஊர்க்காரனாச்சே, அவனும் கண்ணாடியை இறக்கி "பரவாயில்ல, நீங்க போங்க"ன்னு கை காட்டினான். எதிர்ல இருந்தவன் தொப்பியைக் கழட்டிக்கிட்டு, ஐயோ நீங்க போங்கன்னான். பின்னாடி ஒரு ஊர்வலமே நிக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துல இறங்கிப்போய் நாலு வார்த்தை கேக்கலாமான்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். உள்ள படுத்திருந்தவ உயிரோட இருந்திருந்தா அவளும் இதையேதான் செஞ்சிருப்பா. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துட்டேன்.

சர்ச்சுக்கு வந்தவங்கள்ல ஒருத்தராவது அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களாங்கிற? ரோடு எப்படி இருந்துச்சு, எந்த வழியா வந்தீங்க, ராத்திரி இன்னும் பனி இருக்காமே, இதுதான் பேச்சு. வெண்டெல் முப்பது வருஷமா பக்கத்து வீடு. பெட்டிக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு, ஆத்துப் பாலத்துல வேலை நடக்குது, சுத்திக்கிட்டு வர வேண்டியதாப் போச்சுன்னான். வேற தெருவுல திரும்பியிருக்கலாமேன்னு நான் சொன்னேன். அந்தத் தெருவுல ஆரஞ்சு பீப்பாய் வச்சு மறிச்சிருக்கான்னான். கண்ணு ரெண்டும் கலங்கி மூக்கு ஒழுகுது, வாய் மட்டும் பாலத்தை விடல. நானும் விடல. என் பொண்டாட்டி பக்கத்துல ரெண்டு கிழவன்கள் பாலத்தைக் கட்டி முடிச்சுட்டுத்தான் நகர்ந்தோம்.

அப்புறம் ஆரம்பிச்சுது சாப்பாடு. நம்ம ஜனங்களுக்கு வாயில வராததெல்லாம் அவன்ல வச்ச கேசரோலா வரும். வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடிப் பாத்திரம், சுடச்சுட, மேல துண்டு போர்த்தி. நூடுல்ஸும் டூனா மீனும், உருளைக்கிழங்கும் ஹாமும், பீன்ஸும் காளான் சூப்பும், எதுவானாலும் மேல ஒரு விரக்கடை சீஸ். ஃப்ரிட்ஜ் நிரம்பி, மீதியை கராஜில் கார் மேல அடுக்கினேன். காலையில டூனா, மத்தியானம் பீன்ஸ், ராத்திரி அழுகை, இப்படியே டிசம்பர் போச்சு. தின்னு முடிச்சப்போதான் புத்தி வந்துச்சு, இத்தனையையும் கழுவித் திருப்பிக் குடுக்கணுமேன்னு.

நான் செஞ்ச தப்பை இந்த ஊர்ல பிறந்த ஒருத்தனும் செய்யமாட்டான். பாத்திரத்துக்கு அடியில வெள்ளை டேப் ஒட்டி அவங்கவங்க பேரை எழுதியிருப்பாங்களே? கையால கழுவணும், டேப் நனையாமப் பார்த்துக்கணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் எல்லாத்தையும் அந்தப் பாத்திரம் கழுவுற மெஷினுக்குள்ள திணிச்சு, இருக்கிறதிலேயே பெரிய சூட்டுல வச்சு, பட்டனைத் தட்டிட்டு டிவி பார்க்கப் போயிட்டேன். டேப்பும் அதுல எழுதின பேருமா அத்தனையும் கூழாப்போய் குழாய அடைச்சு, சமையக்கட்டு பூரா தண்ணி. தொட்டிக்கு அடியில அன்னைக்கு ஒழுக ஆரம்பிச்ச குழாய் இன்னும் ஒழுகுது. பாத்திரமெல்லாம் பளபளன்னு வந்துச்சு, அப்பன் பேர் தெரியாத பிள்ளைங்க மாதிரி.

சரி, யாருதுன்னு தெரியாட்டியும் வெறுமனே குடுக்க முடியுமா? பாத்திரத்தைக் காலியாத் திருப்பினா அப்பாவும் அம்மாவும் கல்லறையிலிருந்து எழுந்து வந்துடுவாங்க. நேடீனோட குறிப்பைப் பார்த்து பிரவுனி செய்யப் போனேன். அடுப்பு கக்கின புகையில அலாரம் அலறி, எதிர்வீட்டு நாய்கூட ஊளையிட்டுச்சு. கடைசியில சூப்பர் மார்க்கெட்டுல பிஸ்கெட் வாங்கிட்டு வந்து, ஓரமெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கேன்னு ஒவ்வொண்ணையும் விரலால கொஞ்சம் உடைச்சு, வீட்டுல செஞ்ச மாதிரி ஆக்கினேன். வெண்டெல் பெண்டாட்டி டார்லீன் ஒண்ணைக் கடிச்சுப் பார்த்துட்டு, நீயே செஞ்சியா, நல்லா வந்திருக்கேன்னா. ஆமான்னேன். இந்த வயசுல ஒரு பொய், அதுவும் சர்ச்சுக்குள்ள நின்னுக்கிட்டு.

சர்ச்சு எங்கே வந்துச்சுன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை அங்கே கீழ்த்தளத்துல நீள மேஜை போட்டு எல்லாப் பாத்திரத்தையும் பரப்பி, தயவுசெஞ்சு அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துக்குங்கன்னுட்டேன். நடந்துச்சா? நாலுமுனையில நின்ன அதே ஜனங்கதானே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல லோவெல், முதல்ல அவங்க எடுக்கட்டும்னு சுவரோரமா நிக்கிறாங்க. போதகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, வரிசையா வந்து கைக்கு வந்ததை எடுங்கன்னுட்டார். வாயைத் திறக்காம கைக்கு வந்ததை எடுத்துக்கிட்டுப் போனாங்க, தன்னோடது பக்கத்துக்காரி கையில இருக்கிறதைக் கண்ணால பார்த்துக்கிட்டே. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் அவங்களுக்குள்ளேயே மாத்திக்கிட்டாங்க. ஒவ்வொரு மாத்தலுக்கும் உள்ள ஒரு பலகாரம் வைக்கணுமில்ல? தெருவே ஒரு சுத்து பெருத்துப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மேஜையிலேயே நின்னுடுச்சு. மஞ்சள் பாத்திரம், ஒரு மூலையில விளிம்பு உடைஞ்சது. அதைத் தூக்கிக்கிட்டு நான் ஏறாத வாசல் இல்ல. எல்லாரும் வாங்கித் திருப்பி அடியைப் பார்க்கிறாங்க, அழகான பாத்திரமாச்சேங்கிறாங்க, திருப்பிக் குடுத்துட்டு ஒரு காப்பி குடிங்கிறாங்க. வெண்டெல் வீட்டுல டார்லீன் அதைப் பார்த்தா, பார்த்துட்டு வெண்டெலைப் பார்த்தா. அவன் உடனே இந்த வருஷம் பனி உருக ரோட்டுக்கு உப்பு சரியாப் போடலன்னு ஆரம்பிச்சுட்டான். எனக்கு வெறுத்துப் போச்சு ஆர்லீன். ஒரு உடைஞ்ச பாத்திரத்துக்கு இந்த ஊர்ல ஒருத்தர் வாய் திறந்து என்னுதுங்க மாட்டாங்க, இவங்களோட என்னத்தப் பேசி நான் மிச்ச காலத்தை ஓட்டறது? மூணு மாசமா ஒருத்தரும் நேடீன் பேரை என் காதுபட சொல்லலம்மா. சொன்னா எனக்கு ஞாபகம் வந்துடுமாம். என்னமோ நான் மறந்துட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அந்த மஞ்சள் பாத்திரத்தை ஒழுகுற குழாய்க்கு அடியில வச்சுட்டேன். வீட்டை வாங்கறவன் பாத்திரத்தையும் சேர்த்து வாங்கிக்கட்டும்.

ஆகவே மார்ச் முதல் வாரம் புறப்பட்டு வருகிறேன். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பி வை. வெண்டெல் இப்போதே விடைபெற ஆரம்பித்துவிட்டான். முட்டியைத் தட்டி "சரி, அப்போ..." என்று எழுந்திருக்கிறான், வாசல் வரைக்கும் ஒரு பேச்சு, படி வரைக்கும் ஒரு பேச்சு, படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு. மார்ச்சுக்குள் பக்கத்திலிருக்கும் தன் வீட்டு வாசல் போய்ச் சேர்ந்துவிடுவான். உன் வீட்டுப் பின்னறையை எனக்கு ஒழித்து வை. அறையில் பெரிய அலமாரி வேண்டாம், நேடீனின் கோட்டு ஒன்றைத் தவிர நான் வேறு எதையும் கொண்டு வரப்போவதில்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், வலியில்லாத முழங்காலும், பனியில்லாத வாசலும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணன்
லோவெல்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்துல வெண்டெல் வந்துட்டான். சமையக்கட்டுல உட்கார வச்சுக் காப்பி ஊத்தினேன். பாலத்தைத் திறந்துட்டாங்கன்னான், திறந்த மறுநாளே பள்ளம் விழுந்துடுச்சுன்னான், காப்பி ஆறிப்போச்சு, அப்புறம்தான் மெதுவா, நேடீன் பிடிச்சு நடந்த வாக்கர் இன்னும் இருக்கான்னு கேட்டான். டார்லீன் நேத்து வாசப்படியில பனியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறா. இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு பாலமும் ஒரு பள்ளமும் வேண்டியிருந்துச்சு.

வாக்கரை எடுக்க எழுந்தேன். அவன் பார்வை தொட்டிக்கு அடியில போச்சு. சொட்டு சொட்டா விழுற அழுக்குத் தண்ணியையும் பாத்திரத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தான். தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டான்.

"லோவெல், அது உங்க வீட்டுதுதான்டா. நேடீனோடது."

செப்டம்பர்ல இவனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனப்போ அவ கோழி நூடுல்ஸ் செஞ்சு அதுலதான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. டார்லீன் கழுவும்போது கை தவறித் தொட்டியில இடிச்சு மூலை உடைஞ்சு போச்சாம். உடைஞ்சதைக் குடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, அதே மாதிரி புதுசு ஒண்ணு கடை கடையாத் தேடியிருக்காங்க. "கிடைக்கிறதுக்குள்ள நேடீன் போயிட்டாடா"ன்னான். அப்புறம் அடக்கத்தன்னைக்கு டார்லீன் அதுலயே பீன்ஸ் வச்சுக் கொண்டுவந்து குடுத்திருக்கா. நான் வாசல் வாசலாக் கொண்டுபோய் இது யாருதுன்னு கேட்டப்போ, உன் பெண்டாட்டிதுதான்னு சொன்னா உடைச்சது யாருன்னு நான் கேப்பேனாம். அதுக்கு மேல அவனால முடியல, பேச்சை ரோட்டுக்கு உப்பு போடுற லாரிக்கு மாத்திட்டான். எனக்கு அது போதும். ஒரே காப்பியில அவ பேரை ரெண்டு தடவை சொல்லிட்டானே.

அவளை எனக்கு ஞாபகமிருக்கு ஆர்லீன். அந்த செப்டம்பர்ல அவளால நிக்கவே முடியல. மேஜையை ஒரு கையால புடிச்சுக்கிட்டு நூடுல்ஸுக்கு மாவைத் தேய்ச்சா. யாருக்கு இதெல்லாம் இப்போ, பேசாம படுன்னு கத்தினேன். அவ முகத்தைத்தான் பார்த்தேன், பாத்திரத்தை யாரு பார்த்தா?

அவன் போனதும் அதை எடுத்துக் கையாலயே தேய்ச்சுக் கழுவினேன். கோழி நூடுல்ஸ் செஞ்சேன். உப்பு கூடிப்போச்சு, நூடுல்ஸ் கொழகொழன்னு ஆயிடுச்சு, வெண்டெல் நல்லாயிருக்குன்னு சொல்லித்தான் தின்பான், அவனுக்கு வேற வழியில்ல. அந்தப் பாத்திரத்துலயே ஊத்தி, மேல துண்டு போர்த்தி, அவன் வீட்டுல குடுத்துட்டு வந்தேன். வரும்போது போர்டைப் பிடுங்கி கராஜில போட்டுட்டேன். ஏஜென்ட் பெண்ணுகிட்ட தரை இளகட்டும் பார்க்கலாம்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளைய விமான நிலையத்துக்கு அனுப்பாதே. பின்னறையில உன் தையல் மெஷின் இருக்கட்டும்.

பாத்திரம் எப்போ திரும்பி வரும்னு கேப்பே. அவங்க வீட்டுலருந்து போன தடவை அது வர ஒரு சாவு விழ வேண்டியிருந்துச்சு. இந்தத் தடவை டார்லீன் எழுந்து நடந்து, தன் கையாலயே கொண்டுவந்து குடுக்கட்டும், எத்தனை மாசம் ஆனாலும் சரி. அடியில புது டேப் ஒட்டினேன். என் பேரை எழுத பேனா ஓடல, நேடீன்னுதான் எழுதினேன். அவ பேரைக் கூப்பிட்டுக்கிட்டு அது வரும்போது வீட்டுல யாராவது இருக்கணுமில்லம்மா.