நிழல் பக்கத்து பெஞ்சு

மாட்டுங்கா,
வியய வருஷம், ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை
16-6-1946

சிரஞ்சீவி மாப்பிள்ளை மகாதேவனுக்கு, மாமனார் அனந்தநாராயணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும், மழைக்கு ஒழுகும் சமையலறை ஜன்னலைத் தவிர, சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் பாகீரதியின் சௌக்கியத்தையும் குழந்தையின் சௌக்கியத்தையும் நான் நாலு வருஷமாக விசாரிக்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சாக இருப்பதால், இதன் மூலம் விசாரித்திருக்கிறேன்.

குர்லாவில் வண்டி மாறினால் செம்பூர் அரைமணி நேரம்தானே, இதற்குத் தபால் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாலு வருஷம் பேசாதவன் நேரில் வந்து நின்றால் முதல் வார்த்தை என்ன பேசுவது? கடிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை. அநேக ஆசீர்வாதம் என்று ஆரம்பித்துவிடலாம்.

முப்பது வருஷம் கப்பல் கம்பெனியில் கடிதங்கள் எழுதியே தேய்ந்தவன் ஆகையால் நடந்ததை முதலில் முறைப்படி எழுதிவிடுகிறேன். 1942ஆம் வருஷம் ஆவணி அவிட்டத்தன்று நீங்கள் என் வீட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு, சர்க்கார் உத்தியோகத்தை ராஜிநாமா செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். அது உங்கள் புத்தி இல்லை, கும்பலின் புத்தி என்று நான் சொன்னேன். "என்னுடைய அபிப்பிராயம் நானே படிச்சு, நானே யோசிச்சு வந்தது மாப்பிளே. சொந்தமா யோசிக்கத் தெரியாதவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்?" என்றும் சொன்னேன். நீங்கள் மோர் சாதத்துக்கு முன்பாகவே எழுந்துவிட்டீர்கள். ரசம் பரிமாறிக்கொண்டிருந்த பாகீரதி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பின்னாலேயே படியிறங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். இதில் பிசகு இருந்தால் திருத்தவும். இருக்காது.

நானே படித்து வந்தது என்று சொன்னேனே, அது பொய்யில்லை. நாலாவது பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பாலக்காட்டை விட்டு வந்தவன் நான். அரசியல் சித்தாந்தங்கள் எல்லாம் அடங்கிய தடிமனான இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்றை, என் ஆபீஸ் இருக்கும் கோட்டை வட்டாரத்தில் நடைபாதைக் கடையில் வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தேன். பொதுவுடைமையைப் பற்றிய அத்தியாயத்தில் முதல் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்த பக்கங்களை வைத்துக்கொண்டு அதைக் கடுமையாக எதிர்த்துவந்தேன். இப்படிப் பாடுபட்டுச் சேர்த்த அபிப்பிராயங்களுக்கு இந்த வருஷம் நேர்ந்த கதியைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

நான் ஆபீஸுக்குப் போகும் ஒன்பது ஐந்து வண்டியில், முன்னாலிருந்து மூன்றாவது டப்பாவில், மேற்கு ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சுக் கூட்டம், கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சுக் கூட்டம். பதினேழு வருஷமாக நான் மேற்குக் கூட்டம். முறை வைத்துத் தினம் ஒருவர் பேப்பர் வாங்கிவர வேண்டும், ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். தாதரில் செய்தி, பரேலில் தலையங்கம். பைகுல்லா வந்ததும் எங்கள் பெஞ்சு ஜம்பு மூக்குப்பொடியை உதறிவிட்டு, "இந்தக் காங்கிரஸ்காராளுக்கு ராஜ்யம் ஆளத் தெரியுமோ ஓய்? வெள்ளைக்காரன் போனா ரயில் ஓடுமோ?" என்று ஆரம்பிப்பார். கடைசி ஸ்டேஷனான போரிபந்தரில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் கையில் இருக்கும், எல்லாம் ஒரே அபிப்பிராயம். அதைத்தான் நான் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கால் அலம்பி, பலகையில் உட்கார்ந்து, என் சொந்தச் சரக்காக உங்களிடம் சொல்லிவந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. தெரிந்து செய்யவில்லை என்பதைக் கவனிக்கவும்.

போன ஜனவரியில் எங்கள் பெஞ்சின் ஜன்னலோரக்காரர் ரிடையராகி ஊருக்குப் போய்விட்டார். சீனியாரிட்டிப்படி அந்த இடம் எனக்கு. மறுநாள் போய்ப் பார்த்தால் ஜம்பு உட்கார்ந்திருக்கிறார்.

"ஓய் ஜம்பு, அது என் இடம்."

"பேர் எழுதி ஒட்டியிருக்கோ? நான் சூப்பிரண்டெண்ட் ஆயாச்சு. நீர் இன்னும் கவருக்குக் கோந்து தடவிண்டிருக்கீர்."

பதினேழு வருஷ சிநேகிதர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். மூவரும் ஒரே பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே கதர்ச்சட்டை வேங்கடசுப்ரமணியன் இருந்தார், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. தாராவியில் தோல் வியாபாரம் செய்யும் சலாவுதீன் இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்து ராவுத்தர். அவர்களுக்கும் ஒரு பேப்பர், அது வேறு பேப்பர். ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒருநாள் பரேல் தாண்டும்போது, "வெள்ளைக்காரன் எப்பவோ போயிருக்கணும் ஓய், நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான்.

சலாவுதீன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன அய்யரே, தை மாசம் அந்தப் பக்கம் ஒக்காந்துகிட்டு இதுக்கு நேர் மாத்தமால்லா பேசுனீங்க? இங்கன வரைக்கும் கேட்டுச்சே."

"யோசிச்சுப் பார்த்து மாத்திண்டேன்."

"யோசிச்சு மாறுனீங்களா, எந்திரிச்சு மாறுனீங்களா?"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நான் கோபமாக, மேற்குப் பக்கம் உட்கார்ந்ததற்குக் காரணம் அரசியல் இல்லை, எனக்கு ஒற்றைத் தலைவலி, காலை வெயில் கிழக்கு ஜன்னலில்தான் அடிக்கும் என்று விளக்கம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப நெழல்ல ஒக்காந்தா சர்க்காரு, வெயில்ல ஒக்காந்தா சுயராச்சியமா!" என்றார் அவர். போரிபந்தர் வரை சிரித்தார்கள். அந்தப் பக்கத்து பெஞ்சும் சேர்ந்து சிரித்தது. அந்த இரண்டு பெஞ்சும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்பவன் அல்ல நான். ஒரு வாரம் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் பேசியதும் நியாயமாக இருந்தது, அந்தப் பக்கம் பேசியதும் நியாயமாக இருந்தது, முழங்கால் வலித்தது. அடுத்த வாரம் குஜராத்தி வியாபாரிகள் வரும் வேறு டப்பாவில் ஏறினேன். பாஷை பாதிதான் புரிந்தது. ஆனாலும் சனிக்கிழமைக்குள், பருத்தி விலை இறங்கவே கூடாது என்ற திடமான அபிப்பிராயத்தோடு வீடு வந்து சேர்ந்தேன். எனக்கும் பருத்திக்கும் உள்ள சம்பந்தம் இடுப்பில் இருக்கும் வேஷ்டி ஒன்றுதான்.

வேறு யாரிடம் சொல்வது என்று உங்கள் மாமியார் அபயாம்பாளிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமாச்சாக்கும்? எனக்கும் அபிப்பிராயம் உண்டு. ரேஷன் கடை வாசல்லே ரெண்டு மணி நேரம் நின்னா தானே வரும். உங்களுக்குத் தலைவலியிலே வந்தது, எனக்குக் கால்வலியிலே வந்தது. அதுக்காக நான் யாரையும் எலையிலேர்ந்து எழுப்பலை."

அவள் மாதம் ஒருமுறை செம்பூருக்கு வருவது எனக்குத் தெரியும். திரும்பி வந்ததும் குழந்தை என்ன சொன்னான், எப்படி ஓடினான் என்பதைப் பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மியிடம் கூடமே அதிரும்படி சொல்லுவாள். சுப்புலக்ஷ்மிக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் பேப்பரைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளை, உங்கள் அபிப்பிராயமும் ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து வந்ததுதான். அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் பெஞ்சில் வெயில் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நீங்கள் அதற்காக உத்தியோகத்தை விட்டீர்கள், எட்டு மாதம் ஜெயிலில் இருந்தீர்கள். நான் என் அபிப்பிராயத்துக்காக ஒருநாள் ஆபீஸுக்குத் தாமதமாகக்கூடப் போனதில்லை. நீங்கள் ஜெயிலில் இருந்த தை மாதத்தில்தான் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் பெண்ணுக்குத் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. அவளாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. "ஆண் குழந்தை, இருவரும் க்ஷேமம்" என்று உங்கள் தாயார் போட்ட கார்டு வந்தபோது நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வண்டி ஏறினேன். பெஞ்சில் ரஷ்யாவில் நடக்கும் யுத்தத்தைப் பற்றிப் பேச்சு. நானும் பேசினேன்.

ஆகையால், அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி. தேசத்துக்காகச் சிறை சென்ற ஒருவரைப் பந்தியில் அவமதித்தது மகத்தான பிழை. தாங்கள் பெரிய மனதுடன் மன்னித்தருள வேண்டும்.

பாகீரதிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். உங்கள் தாயாருக்கு என் நமஸ்காரம். உங்களுக்குத் தீர்க்காயுளும் நல்ல உத்தியோகமும், முடிந்தால் வண்டியில் ஜன்னலோர இடமும் கிடைக்கும்படி பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
அனந்தநாராயணன்

பி.கு. (செவ்வாய்க்கிழமை): இந்தக் கடிதத்தை உடனே தபாலில் போடவில்லை. நேற்று வண்டியில் கிழக்கு பெஞ்சில் வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டிருக்கும் இடம் வந்ததும் வேங்கடசுப்ரமணியன் தொடையில் தட்டி, "பலே ஓய்! நான் வியாழக்கிழமை சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிட்டீரே!" என்றார். யோசித்துப் பார்த்தால் வாஸ்தவம். "மந்திரிசபை இப்போ நம்மவாளுது. ஜெயிலுக்குப் போன மாப்பிள்ளை அமையறது லேசா? பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்னு ஒரு வரி எழுதிப் போடும்" என்று சொன்னவர் அவர்தான். ஆகவே மேற்படி மன்னிப்பு என்னுடையதல்ல. அதை ரத்து செய்கிறேன். "மகத்தான பிழை" என்பதையும் அடித்துவிடவும், அது அவருடைய வார்த்தை. நீங்கள் சொன்னது சரி என்பதையும் இப்போதைக்கு நிறுத்திவைக்கவும்.

இவ்வளவையும் அடித்த பிறகு என்னுடையது என்று என்ன மிச்சம் என்று பார்த்தேன். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் செம்பூர் ஸ்டேஷன் வரை வந்தேன். பிளாட்பாரத்தில் சற்று நின்றுவிட்டு அதே வண்டியில் திரும்பிவிட்டேன். இதை எந்த பெஞ்சிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஞாயிறு வண்டியில் கூட்டம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்று தடவையும் நின்றுகொண்டேதான் வந்தேன்.

வருகிற ஞாயிறும் பத்து மணி வண்டியில் வருவேன். ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி தெரியாது. பாகீரதி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தால் போதும். நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. வந்தால் எனக்கு ஆட்சேபமும் இல்லை.