மூன்று தரம் கட்டின சுவர்

"சுவரை உடை, உசனார்" என்றார் வீட்டு அனுமதி பார்க்கும் ஓவசியர், அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு. "ஒழுங்கைப் பாதைக்கு ரெண்டடி கிட்ட நிக்கிது. ஊர் பெருத்துப் போச்சு. இனி வெள்ளைக்காரன் சட்டப்படிதான் வீடு."

"ஊர் பெருத்தது பிள்ளை பெத்ததால, ஐயா. சுவர் கட்டினதால இல்லை."

ஓவசியர் சிரிக்கவில்லை.

வவுணதீவுத் துறையில் இருபது வருஷம் நெல்மூட்டை சுமந்து எழுப்பிய சுவர் அது. பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான், ஊர் வழக்கம். நோன்புக்கு முன் வீடு முடியாவிட்டால் மகள் றஸீனாவின் கலியாணப் பேச்சு முறியும்.

"மாப்பிள்ளை ஆரு?" அக்கறையாகவே கேட்டார் ஓவசியர்.

"புடவைக்கடை றவூப்."

"ம். நல்ல பொடியன்."

உசனார் சுவரை உடைத்து உள்ளே தள்ளிக் கட்டினார்.

"இப்ப கிணத்துக்குக் கிட்ட வந்திட்டே!" என்றார் ஓவசியர்.

கிணற்றைத் தூர்த்தார்.

"தண்ணியில்லாத வளவில வீடா? சட்டம் விடாது."

மூலையில் புதுக்கிணறு வெட்டினார். அதற்கும் இடைவெளி விட்டு மூன்றாந்தரம் சுவர் எழும்பியபோது உள்ளே ஒரு பாய்தான் விரியும்.

பெண்சாதி நபீஸா எட்டிப் பார்த்தாள். "மாப்பிள்ளை காலை நீட்டினா கிணத்துக்க விழுவான்."

"சும்மா இரிகா. விழுந்தாலும் சட்டப்படி விழுவான்."

கடைசியில் கூரைக்குத் தென்னங்கிடுகும் கூடாதாம், ஓடுதானாம். ஓட்டின் பாரத்தை மண்சுவர் தாங்காது. உசனார் கைமண்ணைத் தட்டிவிட்டு, கெஞ்சிப் பார்க்க ஓவசியர் வீட்டுக்கு நடந்தார். ஓவசியர் இல்லை. அவர் வளவில், ஒழுங்கையை ஒட்டினாற்போல் புது ஓட்டுவீடு ஒன்று ஆளில்லாமல் நின்றது. கிணறு அதன் வாசலிலேயே. வாடகைக்கு விடுவாராக்கும் என்று நினைத்தபடி திரும்பினார்.

நோன்புப் பிறை தெரிந்தது. பேச்சு முறிந்தது. றஸீனா அந்தக் கூரையில்லாத அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உசனார் மறுபடி மூட்டை சுமக்கப் போனார்.

பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில், ஓவசியரின் கந்தோர்ப் பியோன் ஹமீட் சைக்கிளில் வந்து ஒரு கடதாசியை நீட்டினான்.

"அனுமதி, காக்கா. நீங்க முதல் கட்டின இடத்திலேயே கட்டலாம். கிடுகும் போடலாமாம்."

உசனார் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் குறுக்க நிண்ட சட்டம் இப்ப எங்க போச்சு?"

ஹமீட் சைக்கிளைத் திருப்பினான்.

"அதுக்கு வேலை முடிஞ்சி, காக்கா. ஓவசியர்ட மகளை றவூபுக்குக் கட்டிக் குடுத்தாச்சி. அந்தப் புது வீட்டிலதான் இரிக்காங்க."