கறுக்காத தேரை

யன்னல் வெளிச்சத்தில், ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் தேரை வெளிறிப்போய் இருந்தது. செபநாயகம் வாசலை எட்டிப் பார்த்தார். கடலுக்குக் கூப்பிடப் பிலிப்பு வாற நேரம்.

"லூர்த்து, கரிப்பானை எங்கை?"

"அடுப்பிலை, கிழங்கு அவியுது. மற்றச் சட்டி ஓட்டை. தேரையை அதுக்குள்ளை ஆரப்பா வைச்சது? நான்தான் எடுத்து யன்னலிலை வைச்சனான்," என்றாள் மனைவி லூர்த்தம்மா. "அரிசி முடிஞ்சு மூண்டு நாள். இண்டைக்காவது கடலுக்குப் போங்கோவன்."

தேரை, மகள் சிசிலியா வளர்ப்பது. போன மாதம் அது கறுத்திருந்த ஒருநாள் செபநாயகம் காய்ச்சலில் படுத்தார். அன்றுதான் கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. போன ஐந்து பேர் திரும்பவில்லை. அன்றிலிருந்து தேரை கறுத்தால் வள்ளம் இறங்காது என்றாகிவிட்டது.

இருட்டில் வைத்தால் தேரை கறுக்கும், வெளிச்சத்தில் வெளிறும் என்பதைச் செபநாயகம் பிறகு கண்டுபிடித்தார். முப்பது வருசம் கடலில் கிடந்த மனுசனுக்குப் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரவில் போத்தலைப் பானைக்குள் இறக்கி மூடிவிடுவார். மிச்சத்தைத் தேரை சொல்லும்.

இன்று பானை இல்லை. போத்தலைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் ஒளித்தார். சூட்டில் தேரை இன்னும் வெளிறியது. கடைசியில் அடுப்புக்கரியை அள்ளிப் போத்தலுக்கு வெளியே பூசினார்.

படலை திறந்தது.

"என்ன அண்ணை, உங்கடை தேரை இண்டைக்கும் படுக்கச் சொல்லுதோ?" வள்ளத்தில் கூடப் போகிற பிலிப்பு. "அதுக்கு மீசை முளைச்சால் நீங்கள்தான். நானெண்டால் தனியவும் போவன்."

"கறுப்படா. பார்."

பிலிப்பு போத்தலை வாங்கி இடுப்புச் சாரத்தால் துடைத்தான். கரி போனது. தேரை பழுத்த பிலாவிலை மாதிரி மஞ்சளாய் இருந்தது.

குசினியில் கிழங்கு கொதித்தது.

செபநாயகம் துடுப்பை எடுத்துத் தோளில் வைத்தார்.

"சரி. வா, போவம்."

முற்றம் தாண்டித் திரும்பிப் பார்த்தார். பிலிப்பு நின்ற இடத்திலேயே நின்றான். போத்தலை நெஞ்சோடு அணைத்திருந்தான். குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டான்.

"மச்சாள், கிழங்கு அவிஞ்சிட்டுதெண்டால் உந்தத் தேரை வைக்கிற பானையை ஒருக்கால் அண்ணையிட்டைக் குடுங்கோ."